கதவு எண் ஒன்பது

கேண்டர் விமான நிலையத்தில்
பனி அள்ளும் வண்டிகள் நிற்கும் கொட்டகையில்
பதினோரு மாதமாக எங்களுக்கு ஒரே கவலை:
தட்டியது யார்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.
மூன்றாம் சீசன், கடைசி எபிசோட், கடைசி நிமிடம்.
பெட்ரல் என்கிற கப்பல். பக்கத்தில் ஒரு சூரியன்கூட இல்லை.
என்ஜின் பார்க்கும் ஈவோ
ஒன்பதாம் கதவின்மேல் கை வைக்கிறான்.
அந்தப் பக்கம் காற்று கிடையாது, ஆள் கிடையாது,
ஆள் இருக்க வழியே கிடையாது.
டக். டக்.

டக்.
திரை கறுப்பு. பெயர்கள் ஓடுகின்றன.

க்ளாரன்ஸ் பெல்லி அன்றே தீர்மானித்துவிட்டான்:
தட்டியதும் ஈவோதான்.
கப்பல் காலத்துக்குள் மடிந்து
தன் வாலைத் தானே தொட்டிருக்கிறது.
மேசையில் உப்பைக் கொட்டி விரலால் வட்டம் போடுவான்,
"இங்க நாளைக்கு, இங்க நேத்து."
வட்டம் கோழிமுட்டை மாதிரி வரும்.
அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

டல்ஸி நோஃப்டல் ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டாள்.
ஓடுபாதை விளக்குகளை எண்ணிப் பழகிய கண்.
இரண்டு தட்டல் அடுத்தடுத்து, மூன்றாவது தாமதம்.
முதல் சீசனில், நான்காம் எபிசோடில்,
சமையல்காரர் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டுவாரே,
அதே இடைவெளி. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்திருக்கிறாள்.
"சூப்பை நம்பாதீங்க" என்றாள்.
ஒரு வாரம் கேண்டீன் சூப்பை ஒருவரும் தொடவில்லை.

கார்லண்ட் டிஸ்ஸர்டுக்கு அறுபத்து மூன்று,
தொடரைப் பாதித் தூக்கத்தில் பார்ப்பவர்.
"இரும்பு. குளிர்ல சுருங்கும். சுருங்கினா சத்தம் போடும்.
இந்தக் கொட்டகையில முப்பது வருஷமா கேக்குறேன்."
அவரை நாங்கள் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

என் கட்சி மிரெல்.
இரண்டாம் சீசனில் கயிறு அறுந்து இருட்டுக்குள் போனவள்.
போனதைக் காட்டினார்கள், செத்ததைக் காட்டவில்லை.
உடலைக் காட்டாத சாவு சாவே இல்லை,
இது சட்டம், உலகம் முழுக்கச் செல்லும்
என்று மேசையைக் குத்திச் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் க்ளாரன்ஸின் முகத்தைப் பார்த்தேன்.

டல்ஸியின் தம்பி போன படகு.
பிப்ரவரி. கேப் ஃப்ரீல்ஸுக்கு அப்பால்.
புதைத்தது வெறும் பெட்டி.

அவள் டீயில் சர்க்கரை போட்டாள்.
இன்னொரு ஸ்பூன். இன்னொன்று.
பிறகு என்னைப் பார்க்காமல்,
"கயிறு அறுந்த இடத்துல சின்னதா ஒரு கொக்கி தெரியும்.
பெருசாக்கிப் பாரு. உன் கட்சிக்கு உதவும்" என்றாள்.

நான்காம் சீசன் மார்ச்சில் வந்தது.
வெளியே கண் தெரியாத பனி, விமானங்கள் ரத்து.
காபி டின்னில் சாய்த்த போனுக்கு முன் மூன்று தலைகள்.
"என்ன சத்தம்?" என்றாள் கேப்டன்.
"இரும்பு" என்றான் ஈவோ. "குளிரில் சுருங்குகிறது."
அடுத்த காட்சியில் வேறு கிரகம், வேறு சண்டை.

பதினோரு மாதம்.
க்ளாரன்ஸ் உப்பை வழித்துக் கீழே தள்ளினான்.
"பொய் சொல்றான்" என்றேன் நான்.
"கண்ணைப் பாத்தியா? இடது பக்கம் போச்சு" என்றாள் டல்ஸி.
"யாரோ சொல்லச் சொல்லியிருக்காங்க."
"சமையல்காரர்!"
ஐந்தே நிமிடத்தில்
பழைய கேள்வியின் மேல் ஒரு மாடி எழுப்பி
குடியேறிவிட்டோம்.

பனியை உதறிக்கொண்டு கார்லண்ட் உள்ளே வந்தார்.
நீங்க சொன்னதுதான் என்று ஒருவரும் சொல்லவில்லை.
மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. சமாளித்தோம்.

மணி நாலு இருக்கும்.
குளிர் இன்னும் இறங்க, கொட்டகையின் பெரிய ஷட்டர்
டக். டக்.

டக்.
என்னவென்று எங்கள் நால்வருக்கும் தெரியும்.

டல்ஸி எழுந்தாள். வெறுங்கையால் பொத்தானை அழுத்தி
ஓர் ஆள் நுழையும் உயரத்துக்கு ஷட்டரைத் தூக்கினாள்.
பனி. மஞ்சள் விளக்கு. பனி.

சூடு போகுது, மூடு என்று
நாளுக்குப் பத்து முறை கத்துகிற கார்லண்ட்
கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு
உட்கார்ந்திருந்தார்.